எதிரே இருப்பது

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். ஆறாவது கிராஸ்.
பிள்ளைத்தாச்சியைக் கொண்டுவருவதுபோல
அடியில் வைக்கோல் மெத்தை போட்டு
டாடா ஏஸில் இறக்கினார்கள் அந்த டிரம்மை.

அறுவடை இயந்திரம் முழுசாக நான் பார்த்ததில்லை.
அதன் குடல்தான் எனக்குப் பழக்கம்:
சாய்வரிப் பல்வெட்டிய எட்டுத் தகடு,
நடுவில் தண்டு,
நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று.
ராகி என்றால் மெஸ்ஸில் உருண்டை, அவ்வளவே.

தொட்டபள்ளாபுரம் பக்கம் வண்டி நிற்கிறதாம்.
நாலு நாளாச்சு, என்றார் அய்யங்கண்ணு.
ஆத்தூர்க்காரர்.
ஓடினால்தான் வாடகை,
நின்றாலும் வட்டி.
கூட வந்த பையன் பேசாமல்
தண்டில் சுற்றிய தாளை
ஆக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தான்.
தலைமுடி சிக்கியதுபோல் இறுகியிருந்தது.

கல் போச்சா, என்றேன்.
பதில் சொல்லாமல் சாக்கை அவிழ்த்தார்.
இரண்டு கம்பி.
ஒன்று டிரம் மென்று துப்பியது.
இன்னொன்று நேராக, இரண்டரை அடி,
மேலே ராகித்தாள் சுற்றி
முடிச்சுப் போட்டு.

"நட்டு வச்சிருக்காங்க.
கதிருக்கு ஒரு விரக்கடை கீழ.
மறுநாள் நடந்து பாத்தா இன்னும் மூணு."
யார்?
"அன்னைக்குக் கூலி யாருக்கு இல்லையோ, அவங்க."
கோபம் இருந்தது குரலில்.
கொஞ்ச நேரம் கழித்து வேறேதோ இருந்தது.
"முடிச்சைப் பாத்தீங்களா.
கட்டுக் கட்டுற கை.
லோன் வாங்குறதுக்கு முன்னாடி
நானும் இப்படித்தான் கட்டுவேன்."

வளைந்தது இரண்டு தகடு.
நாலு வாங்கிட்டு வாங்க, என்றேன்.
"மத்ததுல ஒரு கீறல் இல்லையே மேடம்."
இல்லைதான்.
ஆனால் புதுசுக்கு எதிரே
தேய்ந்தது நிற்கக் கூடாது.
நாற்பது கிராம் வித்தியாசம்
தராசில் நாற்பது கிராம்.
எண்ணூறு சுற்றில்
எட்டு கிலோவாக இழுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும்.
முதலில் பேரிங், அப்புறம் சட்டம்,
அப்புறம் மேலே உட்கார்ந்திருக்கும் உங்கள் முதுகு.
அடிபட்டதை மட்டும் மாற்றினால்
அடிபடாதது பழிவாங்கும்.

வாசலுக்குப் போய் மச்சானுக்குப் போன் போட்டார்.
"நாலா வாங்கணுமாம். ஆமா, நல்லா இருக்கிறதையுந்தான்."
ஜே.சி. ரோடு போய்த் திரும்ப மூன்று மணி.
டிராபிக்கைத் திட்டவும் தெம்பில்லாத முகம்.

ஜோடி ஜோடியாக நிறுத்தேன்.
போல்ட்டையும் நிறுத்தேன். ருத்ரேஷ் சிரித்தான்.
இறுக்கி, உருளைத் தாங்கியில் ஏற்றி
ஒற்றை விரலால் சுழற்றி விட்டேன்.
கனத்த பக்கம் கீழே வந்து நின்றது,
பொய் சொல்லத் தெரியாத குழந்தை மாதிரி.
எதிரே ஒரு வாஷர்.
மறுபடி.
இன்னும் அரை வாஷர்.
மறுபடி.
கடைசியில், விட்ட இடத்திலெல்லாம் நின்றது.
இங்கே நிறுத்தினால் இங்கே.
அங்கே நிறுத்தினால் அங்கே.
அய்யங்கண்ணு தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.
பையன் மூன்றுமுறை.

ஏற்றும்போது ஞாபகம் வந்தவராய்
நேர்க்கம்பியை நீட்டினார்.
போலீஸுக்குக் காட்ட வைத்திருக்கிறார் என்றிருந்தேன்.
"நுனியக் கொஞ்சம் தட்டையாக்கிக் குடுங்க.
பெல்ட் இறுக்க நெம்புறதுக்கு ஒண்ணும் இல்ல."
தாளை வெட்டக் கத்திரி எடுத்தேன்.
இருங்க, என்று வாங்கிக்கொண்டு
கட்டைவிரலால் முடிச்சின் அடியில் தள்ளினார்.
ஒரே இழுப்பு.
அறுபடாமல் வந்தது.

காய்ச்சித் தட்டித் தண்ணீரில் முக்கினேன்.
காசு வேண்டாமென்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.
"முப்பது ரூவா, தனி பில்லாப் போடுங்க.
வண்டிக் கணக்குல இது சேராது."
பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுத?
கையிலிருந்த தாளைப் பார்த்தார்.
"சும்மா விடுங்க."

சாயங்காலம் தரை கூட்டும்போது
இரும்புச் சுருளுக்குள்
ஒரு சிட்டிகை ராகி.
காந்தத்தை மேலே பிடித்தேன்.
இரும்பு ஏறிற்று.
அது மட்டும் கீழே கிடந்தது, சிவப்பாக.