துணைக்கால்

மேசை உனக்கு வேண்டுமா என்று
புதுச்சேரியிலிருந்து கேட்டு எழுதியிருந்தார் அமலநாதன்.
வீடு மாறுகிறாராம். நாலாவது மாடி. லிஃப்டில் நுழையாதாம்.
வழவழ அட்டை, தந்த நிறம்.
மை அதன்மேல் ஏறி உட்கார்ந்து
ஓரங்களில் லேசாகச் சிவந்து மின்னியது.
பிரிந்து எட்டு வருஷமாகியும்
அவருடைய ழ-வின் வாலுக்கு ஒரு சுளுக்கும் இல்லை.

பதில் ஒரே சொல்தான்.
அதற்கென்று வெற்று அட்டை ஒன்றும் உறைக்குள் இருந்தது.
எல்லாவற்றையும் யோசித்து வைக்கிற மனுஷன்,
நான் இடக்கைக்காரி என்பதைத் தவிர.

தமிழ் இடமிருந்து வலம் போகிறது.
என் கை அதன் பின்னாலேயே போகிறது,
எழுதின ஈரத்தை மிதித்துக்கொண்டு.
நல்ல தாள் என்று ஊர் சொல்வது எனக்கு ஆகாது.
நல்ல தாள் மையை விழுங்காது,
வாயிலேயே வைத்திருக்கும்.
அதுவும் ஐப்பசியில், கடலூர் ஓ.டி.யில்,
உப்பு ஜாடிக்குள்ளேயே கசிகிற காற்றில்
காய நாற்பது எண்ணவேண்டும்.
முப்பத்தொன்றில் எனக்குப் பொறுமை போயிற்று.

வேண்ட,
அப்புறம் ஒரு நீல இழுப்பு,
அப்புறம் ம்.
டாவா டுவா, அதற்கே தெரியாது.
துணைக்கால் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் சொன்னார்கள்.
அது என் உள்ளங்கை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

வேறு அட்டை தேடினேன்.
மிஷன் வீதியில் எப்போதோ வாங்கிய கைத்தாள்,
சாமந்தி இதழ் பதித்தது: நிப்பு இதழில் இடறியது,
புள்ளி வைத்தால் வேர்விட்டு
ம்-மின் தலையில் ஒரு சிலந்தி.
கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்:
சேம்பு இலைத் தண்ணீர் மாதிரி திரண்டு நின்றது மை,
உள்ளே வர இஷ்டமில்லாமல்.
பள்ளி நோட்டுத் தாளில்
ண்-ணின் மூன்று சுழியும் அடைத்துக்கொண்டன, ஜலதோஷம் போல.
மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த குறிப்பட்டை
உண்மையிலேயே பரவாயில்லை.
ஆனால் மூலையில் ஒரு கல்லீரல் சிரிக்கிறது.

பால்பாயின்ட்ல எழுதித் தொலைங்கக்கா
என்றாள் லேபில் சகாயமேரி.
அவள் சொல்வாள். நாள் முழுக்க
கண்ணாடிச் சில்லில் ரத்தம் இழுக்கிறவள்.
ஒரு துளி, சாய்த்துப் பிடித்த இன்னொரு சில்லு, ஒரே இழுப்பு.
கடைசி ஓரம் இறகாக மெலிந்தால் கை நல்ல கை.
அதே இறகு தாளில் முளைத்தால்
தாளுக்குக் கெட்ட பெயர்.

பரிசோதனைச் சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு எழுதினேன்.
மூன்றாந்தரத் தாள், நல்ல தாகம்.
பேனாவை எடுக்குமுன் காய்ந்திருந்தது. கை சுத்தம்.
எனக்கென்றே செய்த தாள் என்று நினைத்துக்கொண்டே புரட்டினால்
சர்க்கரை, வெறும் வயிற்றில் என்ற வரிக்கு மேல்
வேண்டாம் என்று பின்னோக்கிக் கசிந்திருந்தது.
இதை எப்படி ஒருவருக்கு அனுப்புவது?

கடைசியில் அவர் தந்த அட்டையையே பெட்டியில் போட்டேன்.
பதினொரு வருஷம் என் இழுப்புகளைப் படித்தவர்தானே.

பத்தாம் நாள், மழைக்கு நடுவே,
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வந்து இறங்கியது மேசை.
இடப்பக்க ஓரத்தில் பழைய நீலத் தீற்றல் அப்படியே.
வாசலில் நுழையவில்லை.
ஒரு காலைக் கழற்றினா போயிடும்மா
என்றார் டெம்போக்காரர் முருகையன்,
ஸ்பானரைத் தேடியபடி.
பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துக் கேட்டார்.
ஊதினால் பறக்கிற மஞ்சள் ரசீது.
காதில் செருகியிருந்த பேனாவை நீட்டினார், வாங்கவில்லை.
என்னுடையதைத் திறந்து
முழுப் பெயரையும் நிதானமாக எழுதினேன்.
விழுந்த இடத்திலேயே காய்ந்தது.
ஒரு எழுத்தும் நகரவில்லை.

கையைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை, மழைத்தண்ணீர்தான்.