ஒன்பது அடி

மஸ்கட்டிலிருந்து படம் வந்தது,
கட்டம் போட்ட தாளில், ஸ்கேல் வைத்து.
கேட்டிலிருந்து முன்கதவுக்கு ஒரு நேர்கோடு,
வீட்டைச் சுற்றி நாலு மூலை மட்டம்,
கார் நிற்க ஒரு சதுரம். கார் இனிமேல்தான்.
கூடவே குரல்பதிவு:
"நாலடி அகலம், ஓரத்துல செங்கல்,
கோடு மட்டும் கோணக் கூடாது."

ஆறே மூன்றாய்ப் பிரிந்து
மூன்றும் வளைந்து வளைந்து போகிற
நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில்
கோணாத கோடு கேட்கிறார் குணசீலன்.
சரி என்றேன். முன்பணம் வாங்கியிருந்தேன்.

இந்த மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
சித்திரையில் வெடிக்கும். வெடிப்பில் சாவிக்கொத்து விழுந்தால்
போனது போனதுதான்.
ஐப்பசியில் ஊதும்,
மேலே எது கிடந்தாலும் தூக்கும்.
அதனால் ஓரடி வெட்டி எடு, மணல் கொட்டு,
மணல்மேல் ஜல்லி, ஜல்லிமேல் பவுடர்,
தண்ணீர் விட்டு இடி.
தார் அதற்கு அப்புறம்.
கல் எங்கள் வயலில் விளைவதில்லை.
புதுக்கோட்டைப் பக்கமிருந்து
லாரி வாடகையோடு வருகிறது ஒவ்வொன்றும்.

தண்ணீர் ட்யூப்பின் மறுமுனையைப்
பிடித்துக்கொண்டார் செண்பகவல்லி.
"இங்க ரெண்டு விரக்கடை ஒசரம்" என்றார்,
நான் கேட்குமுன்.

சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே
பின்பக்கம் திரும்பினேன்.
அங்கே ஏற்கெனவே ஒரு பாதை இருந்தது.
ஒரு பாதத்தின் அகலம்,
புல் முளைக்காத பளபளப்பு.
அடுப்படியில் கிளம்பி மோட்டார் கொட்டகை,
அங்கிருந்து துணிக்கொடி,
முருங்கையை ஒட்டிச் சாய்ந்து குழாயடி.
கேட்டுப் பக்கம் ஒரு தடம்கூட இல்லை.
பதினோரு வருடம் ஒருத்தி
நடந்தே வரைந்த படம்.

"இதுலயே போட்டா என்னண்ணே?"
கேட்டது அவரில்லை, சூசைமாணிக்கம்.
கடப்பாரைக்காரன். அவன் கணக்கு அவனுக்கு.
தடம் பள்ளமாச்சே, மழைக்குத் தண்ணீர் நிற்குமே என்றேன்.
"நிக்கும்" என்றார் செண்பகவல்லி,
புடவையை எந்த உயரத்துக்குத் தூக்குவார் என்று
கையால் காட்டினார்.

முன்பக்கம் நாலடியை மூன்றாக்கினேன்.
சதுரத்தைச் சுருக்கினேன், வராத காருக்கு அது போதும்.
மிஞ்சியதைப் பின்னால் கொண்டுபோனேன்.
படத்துக்கு ஒரு பாதை, காலுக்கு ஒன்று.
பள்ளத்தை உயர்த்தி, முருங்கைக்குப் பயந்து விலகி,
நாலடிக்கு ஓரங்குல வாட்டம்.
பக்கத்து மனைக்குத் தண்ணீர் போனால் பஞ்சாயத்து வரும்,
வாழைக்குத் திருப்பினேன்.

தார் காய்ந்த நாள் தெருவே இருமியது.
ஈரச் சாக்கால் ரோலரைத் துடைத்துத் துடைத்து
இழுத்தோம். துடைக்காவிட்டால்
போட்டதையெல்லாம் அதுவே சுருட்டிக்கொள்ளும்.
வாத்து இரண்டு வந்து பார்த்துவிட்டுச்
சுற்றிப் போயின.

குழாயடியோடு முடியவில்லை அந்தத் தடம்.
வேலியில் கிளுவை பட்டுப்போன இடைவெளி வரை போயிற்று.
டேப் பிடித்தேன். ஒன்பது அடி.
"அது வேணாம்."
"சேறாயிடுமே."
"ஆவட்டும். வீடியோல தெரியும்."

வேலிக்கு அப்பால் ஒரு தையல் மெஷின்
ஓடி, நின்று, மறுபடி ஓடியது.
அவர் முந்தானையில் ஊதா நூல்துண்டு ஒட்டியிருந்தது.
ரவிக்கைக்கு என்ன கூலி இப்போது என்று
கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

சாயங்காலம் போனில் வாசலைக் காட்டினார்.
நேர்கோடு, செங்கல் ஓரம்.
"நல்லாருக்கு. பின்னாடி?"
"பின்னாடி இருட்டிடுச்சு."
இருட்டவில்லை. கலவை அள்ளிக்கொண்டிருந்தோம்.

ஒரு சட்டி மீந்தது.
தெருமுனைப் பள்ளத்தில் கொட்டித்
தட்டிவிட்டுப் போனோம்.
அது யார் பள்ளம் என்று
யாரும் கேட்கவில்லை.