சூடும் சொரணையும்

ஃபஹாஹீலில் ஆகஸ்ட் மாதம்
குழாயைத் திறந்தால் வெந்நீர்.
அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு
அதன் வயிற்றில் ஒரு நாள் ஆறிய தண்ணீரில் குளிக்கிறோம்.
எது சுடும் எது குளிரும் என்று
இந்த ஊரில் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.
அன்றிரவு அது எனக்கு நினைவில்லை.

சல்வாவில் ஒருவருக்கு வீடு வரைகிறேன்,
கம்பெனிக்குத் தெரியாமல்.
ஒரு படம் வெந்து இறங்கப் பதினொரு மணி நேரம்.
மூன்று புள்ளி ஆறில் ஓடிய ப்ராசஸரை
நாலு புள்ளி ஏழுக்கு ஏற்றினேன்.
வோல்டேஜையும் கூட்டினேன்,
குழம்புக்கு உப்புப் போடுகிற கையால்,
ருசி பார்த்துப் பார்த்து.

இருபது நிமிடம் பறந்தது.
பிறகு பூஜ்யம் புள்ளி எட்டு,
சம்பளப் பேச்சை எடுத்ததும்
இறங்கிப்போகும் மேனேஜரின் குரல்போல.

திரையில் ப்ராசஸர் அறுபத்தெட்டு டிகிரி.
அறுபத்தெட்டு!
எங்கள் அறையின் சுலைமானி அதைவிடச் சூடு.
பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி தடவினேன்,
முதலில் பட்டாணி அளவு, பிறகு பெருக்கல் குறி.
போன மாதம் ஃபர்வானியாவில்
பழைய பொருள் விற்கும் எகிப்தியரிடம் வாங்கிய
வாட்டர் கூலரைக் கழற்றி மாட்டினேன்.
ரேம் குச்சிகளை இடம் மாற்றினேன், எதற்கென்று தெரியாமலே.
அறுபத்தெட்டு. பூஜ்யம் புள்ளி எட்டு.
மணி இரண்டே கால்.

கீழ்க்கட்டிலில் சூசைமிக்கேல் விழித்தே கிடந்தான்.
ஷுஐபாவில் பம்ப் மெக்கானிக்,
பேரிங் சூடு பார்ப்பதே பிழைப்பு.
"எங்க கை வச்சுப் பாத்த?"
எங்கும் வைக்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன்.
"திரைக்குத் தெரிஞ்சதத்தான திரை சொல்லும்."

அப்போது வைத்தேன்.
ப்ராசஸருக்கு இடப்பக்கம்
வரிசையாக உட்கார்ந்திருக்கும் கறுப்புச் சில்லுகள்மேல்
ஆள்காட்டி விரலை.

கத்தவில்லை.
மேல்கட்டிலில் நிஜாமுதீன், நாலு மணிக்கு எழ வேண்டியவன்.
விரலை வாயில் வைத்தபடி
அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
சூசை தன் பையிலிருந்து
துப்பாக்கி மாதிரி வெப்பமானியை எடுத்துச்
சிவப்புப் புள்ளியை அங்கே நிறுத்தினான்.
நூற்றுப் பதினெட்டு.

"கரண்ட் ஊட்டுற பயலுவ இவனுங்கதான?
தொரை தண்ணியில குளிச்சிட்டிருக்காரு,
ஊட்டுறவன் வேகுறான்.
போர்டுக்குச் சூடு இருக்கு, சொரணை இல்லடே."

இல்லை, சொரணை இருந்தது.
தாங்காதபோது வேகத்தைக் குறைத்தது.
அதைத்தான் மூன்று மணி நேரமாக
கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

முன்பு இருந்த பழைய விசிறி,
கடகடவென்று சத்தம் போடும், அழகும் கிடையாது.
ப்ராசஸருக்கு ஊதியதில் சிந்திய காற்றை
இவர்களும் வாங்கியிருக்கிறார்கள், கேட்காமலே.
அதை நான்தான் குப்பைத்தொட்டியில் போட்டேன்,
பிரியாணி டப்பாக்களோடு.

செத்த பவர் சப்ளை ஒன்று கட்டிலடியில் கிடந்தது.
அதன் விசிறியைப் பிடுங்கி
கேபிள் டையால் சில்லுகளுக்கு நேரே கட்டினோம்.
வாலைப் பல்லால் கடித்து இழுத்தான் சூசை.
நாலு புள்ளி மூன்றுக்கு இறங்கினேன்,
வோல்டேஜில் இரண்டு சிட்டிகை எடுத்தேன்.
எண்பத்தாறு. எண்பத்தாறிலேயே நின்றது.
படம் முடிய ஒன்பதே கால் மணி நேரம் என்றது திரை.
சில்லுகளையும் தொட்டுப் பார்த்தேன், இடது கையால்.

மிச்சம் பிடித்தது ஒன்றே முக்கால் மணி நேரம்.
"கணக்குப் போடாத, படு" என்றான் சூசை.
விசிறிச் சத்தத்தில் நிஜாமுதீன் எழுந்து
அலாரம் அடித்துவிட்டதா என்று கேட்டான்.

ஏழு மணி, கம்பெனி வாசல்.
வருகைப் பதிவு மெஷினில்
கொப்புளம் போட்ட விரலை வைத்தேன்.
மறுபடி வை என்றது பெண்குரல்.
சட்டையில் துடைத்து வைத்தேன்.
மறுபடி வை.
எச்சில் தொட்டு வைத்தேன்.
பின்னால் வரிசை நீண்டது.
யாரோ என் பிடரியில்
சூடாக மூச்சு விட்டார்.