தூங்கியதற்குச் சான்று

மரியாம்போலே சோதனைச் சாவடி. பனி.
“டிரைவர் கார்டு தொலைந்த வாரத்துச் சீட்டு?”
எடுத்துக் கொடுத்தான் வைடோடஸ்.
பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கலையாமல்
வெள்ளை வெளேரென்று
ஒன்றுமில்லை.

“சரகோசாவில் பதினோரு மணி நேரம் தூங்கினேன்.
கனவில்கூட வண்டி ஓட்டவில்லை.”

“உறைதான் தின்றிருக்கிறது” என்றாள் மில்டா.
“சூட்டில் எழுத்து வரும் தாள் இது.
பிளாஸ்டிக் ஆகாது. வெயில் ஆகாது.
கிருமிநாசினி ஈரக் கையால் தொடவே கூடாது.
காகித உறையும் கொஞ்சம் இருட்டும் போதும்.”

சொல்லிக்கொண்டே
இடுப்புக் கருவியிலிருந்து
அபராதச் சீட்டைக் கிழித்தாள்.
இன்னும் இளஞ்சூடு. பதினைந்து நாள் கெடு.

வாங்கினான்.
அதே உறைக்குள் பதமாகச் செருகி
முன்கண்ணாடியில் சாய்த்துவிட்டு
மேகத்தைப் பார்த்தான்,
வெயில் எப்போது வரும் என்று.