காலித் தொட்டிலின் வாடகை

வயிற்றில் பதினொரு வாரம்.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை,
குழந்தைகள் காப்பகத்தில் சொல்லிவிட்டோம்.
காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தேழாவது:
"காங்கஸ், சிசு" என்று குறித்துக்கொண்டார்கள்.
பெயர் வைக்காத பிள்ளையின் பெயரில்
திருப்பித் தராத எழுபத்தைந்து டாலர்.

அந்த வருடம் டுலூத்தில்
அக்டோபர் கடைசியிலேயே பனி.
ஐனோ பிறந்தாள்.
மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

ராத்திரி மூன்று மணிக்கு அவள் பால் குடிக்க,
மின்கட்டணம் வந்த உறையின் முதுகில் எழுதுகிறேன்.
ஒரு கையில் கணக்கு, ஒரு கையில் பிள்ளை.
கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன்.
வாரம் முந்நூற்றுப் பத்து,
பெருக்கல் நான்கு.
தூக்கத்தில் எழுந்து வந்த வெண்டல் எட்டிப் பார்த்து,
"மாதத்துக்கு நாலு வாரம் இல்லை,
நாலும் கொஞ்சமும்" என்றான்.
அந்தக் கொஞ்சத்தின் விலை நூற்று மூன்று டாலர்.

நாங்கள் மூவர் குடியிருக்கும் மாடிக்குத் தருவதைவிட
அவள் பகலில் படுக்கும் இடத்துக்குத் தருவது அதிகம்.
இரண்டு வயதானால் குறையுமாம்.
நடக்கத் தெரியாதவர்களுக்குத்தான்
எந்த ஊரிலும் கூலி அதிகம்.

எனக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
நாளெல்லாம் அணுக்களை எண்ணுகிறவள்,
எண்ணிக்கை தப்பாது.
எங்கே போகிறது இவ்வளவு காசு என்று
அவர்கள் பக்கமிருந்தும் போட்டுப் பார்த்தேன்.
ஒரு பெண்ணுக்கு நான்கு சிசுக்கள்,
ஐந்தாவதைத் தொடச் சட்டம் விடாது.
டார்லாவுக்கு மணிக்குப் பதினாறு டாலர்.
மிச்சத்தைக் கட்டடமும் காப்பீடும்
குளிருக்கு எரியும் எரிவாயுவும் தின்றுவிடுகின்றன.
உங்கள் பையன் எந்த அறையில் என்று கேட்டேன்.
"என் அக்கா வீட்டில்.
இங்கே எனக்குக் கட்டுப்படியாகாது."

வகுத்தால் ஈவு வருகிறது,
இரக்கம் வரவில்லை.
கோபித்துக்கொள்ள ஓர் ஆளைத் தேடினேன்;
அதற்குள் உறையில் இடம் தீர்ந்துவிட்டது.

ஜனவரி நடுவில் ஏரி இறுகியது.
மதகுகளை மூடினார்கள். இரும்புத்தாதுக் கப்பல்கள் நின்றன.
துறைமுகத்தில் வெண்டலுக்கு மார்ச் வரை வேலை இல்லை.
நான் வேலைக்குத் திரும்பிய அதே வாரம்
தாடி வைத்த ஆயா ஒருவன்
இலவசமாய் வீட்டில் உட்கார்ந்தான்.
ஆனால் பிடித்த இடத்தை விட்டால்
அடுத்தது செப்டம்பரில்தான்.
வைத்திருக்கலாம், பாதிக் கட்டணம்.
பத்து வாரம்,
ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது.

ஊரின் மறுகோடியில் ஒரு தொட்டில்
எங்கள் காசில் சும்மா தூங்கியது.

அவன் மீன்பிடிக் குடிலை விற்றான்.
உறைந்த ஏரிமேல் இழுத்துப்போய்த்
துளையிட்டு உட்காரும் சின்ன மரப்பெட்டி, அவ்வளவுதான்.
வாங்கியவனின் வண்டிக்குப் பின்னால் அது போவதை
ஐனோவை மார்போடு கட்டிக்கொண்டு பார்த்து நின்றான்.
"அவளுக்கு மீன் பிடிக்காது" என்றான் உள்ளே வந்து.
அவளுக்கு அப்போது மூன்று மாதம்.

பிப்ரவரியில் ஒருநாள்
குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள்.
பெற்றோருக்கு டார்லா நிரப்பித் தரும் தினசரித் தாளின் நகல்.
அதில் அவன் கையெழுத்து:
பால், 9.40, நாலு அவுன்ஸ்.
அரையாடை, இரண்டு. ஒன்று பயங்கரம்.
மதியம் 2.10, சிரித்தாள். வாயு அல்ல.
கீழே "பராமரிப்பாளர் குறிப்பு" என்ற கட்டத்தில்
எதையோ எழுதி அழித்திருந்தான்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் படிக்க முடியவில்லை.

மார்ச் கடைசியில் முதல் கப்பல் ஊதியது.
பாலம் பதிலுக்கு ஊதித் தூக்கிக் கொடுத்தது.
அன்று காலை தொட்டிலில் ஆள் வந்தது.
டார்லா அவளை வாங்கிக்கொண்டாள்.
மாலை ஐந்தரைக்கு மேல் தாமதமானால்
நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று
நல்லபடியாகவே நினைவூட்டினாள்.

காருக்கு வந்து,
சாவியைப் போட்டு, திருப்பாமல்,
பதினேழு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
மாலையில் என்றால்
பதினேழு டாலர்.