மேல்தட்டு, முன்வரிசை

நான் வந்து ஆறு வாரம்.
அவன் வந்து நாலு வருஷம்.
அதனால் அவன்தான் வழிகாட்டி என்று
ஃபோனிலேயே முடிவாகிவிட்டது.

பூன் லே நிலையத்தில் நின்றான் சேவியோ.
புதுச்சட்டை. கடைக்காரன் மடித்த மடிப்பு
குறுக்கும் நெடுக்குமாக இன்னும் இருந்தது.
கழுத்துப்பட்டிக்குள் பிளாஸ்டிக் வளையமும் இருந்தது.
நான் சொல்லவில்லை.
(மத்தியானம், அவன் கழுத்தைச் சொறிந்தபோது சொன்னேன்.)

"எங்கலே போறோம்?"
"வர்ற பஸ்ல ஏறுவோம் எக்கா."
வழிகாட்டியின் லட்சணம்
அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டடுக்குப் பேருந்து.
மேலே, முன்னால், கண்ணாடியை ஒட்டி
இரண்டு இருக்கையும் காலி.
திருச்செந்தூர் வண்டியில் ஜன்னலுக்காக
என் மணிக்கட்டைக் கடித்தவன்
"நீ உக்காரு" என்று நிற்கிறான்.
இன்னொன்று காலியாக இருப்பதைக் காட்டினேன்.

தூங்குமூஞ்சி மரத்துக் கிளையொன்று
கண்ணாடிக்கு நேரே பாய்ந்து வர
இருவரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தோம்.
பின் இருக்கைச் சீனப் பாட்டி
வாய்விட்டுச் சிரித்தாள்.
அடுத்த கிளைக்கும் குனிந்தோம்.

ரொம்ப நேரம் பேசாமல் வந்தான். பிறகு,
"எக்கா, அந்தக் கட்டடத்த எனக்குத் தெரியும்.
ஆனா அதோட முதுகுதான் தெரியும்."

வேலைக்கு லாரியில் போவானாம்.
பின்பக்கம் திறந்த லாரி. பதினெட்டுப் பேர்.
முகமெல்லாம் வந்த வழியைப் பார்த்தபடி.
விடியலில் போகும்போதும் ஊர் விலகிப் போகும்,
இருட்டியபின் திரும்பும்போதும் விலகிப் போகும்.
பாலம் என்பது
தாண்டிய பிறகு தெரிவது.
"இன்னிக்குத்தான்
எல்லாம் நம்மளப் பாத்து வருது."

எங்கே இறங்கினோம் என்று கேட்காதீர்கள்.
பசித்த இடத்தில் இறங்கினோம்.
உணவங்காடியில் கூட்டமான கூட்டம்,
ஒரு மேசை மட்டும் காலி,
அதன்மேல் யாரோ மறந்துவிட்ட டிஷ்யூ பொட்டலம்.
பிரித்து மூக்கைச் சிந்தினேன்.
மீன் சூப்பும் தட்டுமாக வந்து நின்றார் ஒருவர்.
டிஷ்யூ வைத்தால் இடம் பிடித்ததாக அர்த்தமாம்.
நாலு வருஷக்காரனுக்கும் அது தெரியாது.
"சாரி அங்கிள்" என்று
நாலு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தான்.
அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு
எங்களையும் உட்காரச் சொன்னார்.

கோப்பியை எடுத்தபோதுதான் பார்த்தேன்,
இடது சுண்டுவிரலில் நகம் இல்லை.
"கதவு" என்றான்.
பதினோரு வருஷமாக நர்ஸ் நான்.
கதவு அப்படி நசுக்காது.
"ம்" என்றேன்.
கோப்பியில் சர்க்கரை அதிகம் என்றும் சொன்னேன்.

சாயங்காலம் முழுக்க ஒரு கட்டடத்தைத் தேடினோம்.
இருபத்திரண்டாம் மாடிவரை சாரம் கட்டினானாம்,
பிரித்த பிறகு பார்த்ததில்லையாம்.
இதுதான் என்றான். எண்ணினோம்.
பத்தொன்பது மாடி.
அதோ அது என்றான்.
அதில் துணி காய்ந்தது, ஒரு குழந்தை
கொடியிலிருந்த காலுறையை எட்டிப் பார்த்தது.
மாடியை எண்ணவில்லை.
"இதுதாம்லே" என்றேன் நான்.

திரும்பும்போது முன்வரிசையில்
வேறு யாரோ இருந்தார்கள்.
படிக்கட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.
மீதி மூன்று பொட்டலத்தை எனக்கு இரண்டு,
தனக்கு ஒன்று என்று பிரித்தான்.
இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தேன்.
அதற்குத் திட்டினான்,
அசல் வழிகாட்டி மாதிரியே.

செவ்வாய்க்கிழமை, இரவுப்பணி முடிந்து
மேல்தட்டு, முன்வரிசை.
சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி.
பதினைந்து பதினாறு பேர்,
எல்லா முகமும் என்னைப் பார்த்து.
சேவியோ அதில் இல்லை.
அவன் போகும் பாதையே இது இல்லை.
இருந்தாலும் கையசைத்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தவனை
இன்னொருவன் முழங்கையால் இடித்து எழுப்பி
மேலே காட்டினான்.
பச்சை விழுந்தது.
லாரி இடப்பக்கம் திரும்பும்வரை
அவர்களுக்கு நான் சிறிதாகிக்கொண்டே போனேன்,
ஒருவன் மட்டும்
தொப்பியைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தான்.