கிர்ஸ்தன்

தொண்ணூற்றிரண்டு பனிக்காலம்.
கௌனஸ் நகரத்துக் குழாய்களில் வெந்நீர் இல்லை.
டென்மார்க்கிலிருந்து லாரியில் வந்த மூட்டைகளை
தேவாலயத் தரையில் கொட்டினார்கள்.
எனக்கு வாய்த்தது ஒரு நீலக் கோட்டு.
நல்ல கம்பளி, பித்தளைப் பொத்தான், எல்லாம் சரி.
கழுத்துக்குப் பின்னால் சிவப்பு நூலில் ஒரு பெயர்:
கிர்ஸ்தன்.

அம்மா பிரிக்க மறந்துவிட்டாள்.
அல்லது கத்தரிக்கோல் யாரிடமோ இரவல் போயிருந்தது.
பள்ளியில் ஆணியில் மாட்டினேன்,
மணி அடிப்பதற்குள் வகுப்பே படித்துவிட்டது.
படிப்பு முடியும்வரை நான் தைவா இல்லை.
கணக்கு வாத்தியார்கூட ஒருமுறை
“கிர்ஸ்தன், பலகைக்கு வா” என்று
உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.
போனேன். விடையும் சரியாக வந்தது.

முதல் சம்பளத்தில் ஒரு சட்டை வாங்கி
ஒரு வாரம் அட்டையோடு வைத்திருந்தேன்.
குண்டூசியை எடுக்கும் முதல் கை என் கையாக இருக்கவேண்டும்,
அவ்வளவுதான் என் கொள்கை.
பிள்ளைகளுக்கும் அதே.

இப்போது ஸ்கைஸ்தே, என் மகள்,
நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்த
பழந்துணிக் கடைக்குச் சனிக்கிழமைதோறும்
தோழிகளோடு சிரித்துக்கொண்டு போகிறாள்.
ஒரு கால்சட்டை எத்தனை வாளித் தண்ணீர் குடிக்கும் தெரியுமா என்கிறாள்.
எனக்கு வாளியைத் தெரியும்.
அடுப்பில் சுடவைத்த ஒரே வாளியில்
நான்கு பேர் தலைகுளித்த ஞாயிறுகள் தெரியும்.
சொல்லவில்லை. அவள் கணக்கும் சரிதானே.

யோரிஸ் வேறு கட்சி.
வாரத்துக்கு மூன்று பொட்டலம்,
ஐந்து யூரோ, ஏழு யூரோ.
“குப்பைக்கு முன்பணம் கட்டுகிறான்” என்பாள் அக்காள்.
அவன் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும்போது
அந்தப் புதுப் பசை வாசனைக்கு
என் மூக்கு, சொன்னால் வெட்கம்,
அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

அக்டோபரில் அவள் ஒரு கோட்டோடு வந்தாள்.
பச்சை. நாற்பது யூரோ. பழசுக்கு!
“தொட்டுப் பாரும்மா, இப்போதெல்லாம் இப்படி நெய்வதில்லை.”
விரல் துணிக்குப் போகவில்லை,
நேரே கழுத்துக்குப் போயிற்று.
பெயர் இல்லை.
நான்கு மூலையிலும் ஊசித் துளைகள் மட்டும்.
யாரோ ஒருத்தி மறக்காமல் பிரித்திருக்கிறாள்.

ஏப்ரலில் அவளுக்கு அலுத்துவிட்டது.
கைபேசியில் போட்டாள், மறுநாளே விலைபோயிற்று.
“சுழற்சிம்மா, வீணாகவில்லை பார்” என்று
முகவரி எழுத என்னிடம் தந்தாள்.
டென்மார்க். ஓடென்ஸே.
வாங்கியவளுக்குப் பத்தொன்பது வயதாம்.

இரவு எல்லாரும் தூங்கியபின்
பொட்டலத்தைப் பிரித்தேன்.
சிவப்பு நூல் தேடினேன், கறுப்புதான் இருந்தது.
அந்த நான்கு துளைகளுக்கு நடுவே
தைவா,
கொஞ்சம் கோணல்.
மறுபடி ஒட்டி, ஓரத்தை நகத்தால் தேய்த்தேன்.

குளிர் வரும்போது அங்கே
எந்த ஆணியிலோ அவள் அதைக் கழற்றி மாட்டுவாள்.
யாராவது படிக்கட்டும்.
கூப்பிட்டால் திரும்பட்டும்.